மதுரையிலிருந்து மும்பைக்கு: ஒரு குடும்பம் இடம்மாறிய கணக்கு

2025 மே மாதம் என் சித்தி மகன் மதுரையிலிருந்து போன் செய்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, அங்கே ரெண்டு பெட்ரூம் வீடு என்ன வாடகை வரும்?" மும்பைக்கு வெளியே இருக்கும் புறநகரான டோம்பிவிலியை நினைத்து நானும் ஒரே வரியில் பதில் சொன்னேன். "டோம்பிவிலி பக்கம் வந்தா இருபதுக்குள்ள முடிச்சிடலாம்டா." கேள்வியும் தப்பு, பதிலும் தப்பு என்று எங்கள் இருவருக்கும் உறைக்க ஏழு மாதம் ஆனது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அவன் கையிலிருந்து போனது.

நான் 2009-ல் மும்பை வந்தவன். முதல் இரண்டு வருடம் மாட்டுங்காவில் ஒரு மெஸ் அறையில் மூன்று பேரோடு இருந்தேன், இப்போது தாணேயில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வேலைக்கு வந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் இந்த விஷயத்தில் காலை வாரியது. தம்பி பெயர் போட வேண்டாம் என்றான். தொகைகளைப் போடலாம் என்று தன் நோட்டையே கொடுத்தான். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்தவை.

வந்த வேலை

அவனுக்கு வயது 34. மதுரையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தான். ஆண்டுக்கு 7.8 லட்சம் சி.டி.சி. (ஒரு ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வந்தது மாதம் 56,000. மனைவி பி.எட். முடித்தவர், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், 18,000 சம்பளம். ஐந்து வயதில் ஒரு மகள். ஆனையூரில் 11,000 ரூபாய் வாடகைக்கு வீடு. மாமியார் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்ததால், பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பைசா செலவில்லை. எல்லாம் போக மாதம் 25,000 மிச்சம் பிடித்தார்கள்.

மும்பையில் வந்த வாய்ப்பு பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில், எல்லாரும் பி.கே.சி. என்று சொல்லும் இடத்தில். சி.டி.சி. 14.4 லட்சம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்று சித்தி சொன்னார்.

14.4 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 1,20,000. கைக்கு வந்தது 93,950. நடுவில் இருந்த 26,050 எங்கே போனது என்று முதல் சம்பளச் சீட்டு வந்த இரவு என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். பிரித்துப் பார்த்தோம். ஆண்டு முடிவில் வேலையைப் பார்த்துத் தரும் தொகை 1.2 லட்சம், அது மாதாமாதம் வராது. அடிப்படைச் சம்பளம் 55,000. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 6,600, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 2,650. இந்த மூன்றும் சி.டி.சி.க்குள் இருக்கும், சம்பளத்துக்குள் வராது. அப்புறம் அவன் பங்கு பி.எஃப். இன்னொரு 6,600. மகாராஷ்டிராவின் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததுதான். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

ஆனால் பெரிய ஓட்டை சம்பளச் சீட்டில் இல்லை. மதுரையில் வீட்டுக்குள் வந்த பணம் 56,000 மட்டும் அல்ல. டீச்சர் சம்பளத்தையும் சேர்த்து 74,000. மும்பைக்குக் கிளம்பிய அன்றே அந்த 18,000 நின்றது. ஆக, இரண்டு மடங்கு என்று பாயசம் வைத்த சம்பளம், குடும்பக் கணக்கில் 74,000-லிருந்து 93,950-க்குப் போனது. அதிகம் வந்தது இருபதாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. இதை அவன் போட்டிருக்க வேண்டும், நானும் கேட்டிருக்க வேண்டும். ஊர் மாறும்போது மனைவியின் வேலையை "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஒற்றை வரியில் தாண்டிப் போவது நம் வீடுகளில் சகஜம். மகள் ஒருத்தியை மும்பைக்குக் கட்டிக் கொடுக்கும்போது மட்டும் அதே ஆட்கள் எவ்வளவு விசாரிக்கிறார்கள்!

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் ஆளாளுக்கு "மும்பைன்னா ஹெச்.ஆர்.ஏ. ஐம்பது சதவீதம், மதுரைன்னா நாற்பதுதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வாடகைப் படிக்கான வரிச் சலுகையைத்தான் சொல்கிறார்கள். விதி சரிதான், ஆனால் அது பழைய வரி முறைக்கு. 2025-26-ல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி கிடையாது. அவனுடைய மாதச் சம்பளம் அந்த வரம்புக்குள்ளேயே நின்றது. வாடகை ரசீதை வைத்து அவன் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வாடகை கூடினால் வரி குறையும் என்ற ஆறுதலும் அவனுக்கு இல்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

மே 25, ஞாயிறு. நானே அவனைக் கூட்டிக்கொண்டு தாணேயில் காலை 11 மணி வண்டி ஏறினேன். ஊரிலிருந்து வெளியே போகும் திசை, விடுமுறை நாள், பெட்டியில் பாதி காலி. ஜன்னலோரம் உட்கார்ந்து மும்ப்ரா மலை, உப்பங்கழி எல்லாம் காட்டிக்கொண்டே போனேன். "ஊட்டி ரயில் மாதிரி இருக்குண்ணே" என்றான். டோம்பிவிலி கிழக்கில் மூன்றாவது வீடு பிடித்துப்போனது. இரண்டு படுக்கையறை, 19,000 வாடகை, மூன்று மாத வாடகை டெபாசிட். கீழ் வீட்டில் திருநெல்வேலிக்காரர்கள். பக்கத்துத் தெருவில் இட்லி மாவு விற்கும் கடை. மீன் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனை இல்லை. அதற்கு முன் பார்த்த வீட்டை அந்த ஒரு காரணத்துக்காகத்தான் விட்டோம். டோக்கன் பணம் கொடுத்துவிட்டு வடா பாவ் சாப்பிட்டுத் திரும்பினோம்.

தரகர் 650 சதுர அடி என்றார். பிறகு டேப் வைத்து அளந்தபோது கால் வைக்கும் இடம் 430 இருந்தது. சுவர், மாடிப்படி, லிஃப்ட் முன்னால் உள்ள இடம் என்று எல்லாவற்றிலும் பங்கு போட்டுச் சேர்ப்பது இங்கே வழக்கம். வீடு விற்பதில் சுவருக்குள் இருக்கும் கார்பெட் அளவைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. வாடகைத் தரகர்கள் இன்னும் பழைய பாஷையில்தான் பேசுகிறார்கள்.

மறுநாள், மே 26, மும்பையில் பருவமழை இறங்கியது. வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வருவது பதினாறு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. திறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஆச்சார்ய அத்ரே சௌக் மெட்ரோ நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்ததை அவன் மதுரைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தான்.

ஜூன் 2 வேலையில் சேர்ந்தான். முதல் இரண்டு வாரம் நிறுவனம் குர்லா பக்கம் விருந்தினர் விடுதி கொடுத்தது. ஆட்டோவில் கால் மணி நேரத்தில் அலுவலகம். "மும்பை டிராஃபிக்னு பயமுறுத்துனாங்க, ஒண்ணுமே இல்லையேண்ணே" என்று எனக்குச் செய்தி அனுப்பினான். இந்த இரண்டு வாரம் அவனுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே ஒரு நாள் காலை எட்டு மணிக்கு டோம்பிவிலி நடைமேடையில் போய் நின்றிருந்தால் போதும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் அவனுக்கும் அது தோன்றவில்லை, அவனைப் போகச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் அந்த நேரத்து வண்டியில் ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது.

வாடகை ஒப்பந்தம் ஜூன் 7 பதிவானது. மகாராஷ்டிராவில் இதற்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று பெயர். 1999-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி இதை எழுத்தில் போட்டுப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. நம் ஊர் மாதிரி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட முடியாது. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் கால் சதவீதம்தான். பதினோரு மாதத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வரும். பதிவுக் கட்டணம் 1,000. ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். தரகர் இதற்கு 4,500 வாங்கினார், நாங்களும் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் ஆறு மாத 'லாக்-இன்' இருந்தது: அதற்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பின்னால் எல்லாவற்றையும் கட்டிப்போட்டது அந்த வரிதான்.

ஜூன் 9, திங்கள். காலை நெரிசலில் மும்ப்ரா அருகே வளைவில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடந்தபோது படியில் தொங்கி வந்தவர்கள் கீழே விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள். நான் இவனுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டிய அதே மும்ப்ரா. மதுரையில் டி.வி.யில் செய்தி ஓட, தம்பி மனைவி அவனைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "நாம போகப்போற ரூட்டுதானே இது?" அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. லாரி மதுரையிலிருந்து கிளம்பியாகிவிட்டது.

முதல் நாற்பது நாளில் போன பணம்

நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். டெபாசிட் 57,000. முதல் மாத வாடகை 19,000. தரகு ஒரு மாத வாடகை, 19,000. ஒப்பந்தம் 4,500. சாமான் லாரி 46,000. குடியிருப்புச் சங்கத்துக்குச் 'சாமான் ஏற்றும் கட்டணம்' 3,000. மகளுக்கு சீனியர் கே.ஜி. சேர்க்கை 42,000. மின்விசிறி, திரைச்சீலை, தண்ணீர் சுத்திகரிப்பான், இன்னும் சில்லறை 22,000. பயணமும் சாப்பாடும் 14,000. கூட்டினால் 2,26,500.

லாரிக்குப் பேசியது 34,000. சாமான் வந்து இறங்கிய நாளில் மூன்றாவது மாடி, மழை, லிஃப்டில் பீரோ நுழையவில்லை, படியில் தூக்க ஆள் என்று இன்னும் 12,000 கேட்டார்கள். நனைந்துகொண்டிருக்கும் கட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது. அந்த நிறுவனத்துக்கு அது நன்றாகத் தெரியும். கூடுதல் பணத்துக்கு ரசீதும் தரவில்லை.

ரசீது விஷயம் எங்கே கடித்தது என்றால், வேலை கொடுத்த நிறுவனம் இடமாற்றச் செலவுக்கு 75,000 வரை தருவதாகச் சொல்லியிருந்தது. 'வரை' என்ற சொல்லை நாங்கள் கவனிக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரசீது உள்ள சாமான் போக்குவரத்துக்கு மட்டும்தான் அந்தப் பணம். தரகுக்கும் டெபாசிட்டுக்கும் கிடையாது. கடைசியில் கிடைத்தது 34,000. அதுவும் ஜூலைச் சம்பளத்தோடு. ஓராண்டுக்குள் வேலையை விட்டால் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவனிடம் இருந்த சேமிப்பு 1,60,000. முதல் சம்பளம் ஜூன் 30-ம் தேதிதான். நடுவில் விழுந்த 66,500-க்கு மனைவியின் சங்கிலி மதுரையில் நகைக்கடனுக்குப் போனது. மாதச் செலவை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். மும்பை மாதிரி ஊர் முதலில் கேட்பது மொத்தப் பணம். அதுவும் முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னால். வேலை மாறும் பேச்சுவார்த்தையில் சம்பளத்தில் இன்னும் ஐயாயிரம் கேட்டு மல்லுக்கட்டினானே தவிர, "ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று பின்னால் அவன் மேலாளரே சொன்னாராம்.

3 மணி 40 நிமிடம்

டோம்பிவிலியிலிருந்து குர்லாவுக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர். விரைவு வண்டியில் முக்கால் மணி நேரம். தூரத்தை மட்டும் பார்த்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவன் வாழ்ந்தது இப்படி: 7.10-க்கு வீட்டை விட்டுக் கிளம்புவது. ஷேர் ஆட்டோ வரிசையில் பத்து நிமிடம், ஆட்டோவில் பத்து நிமிடம். நடைமேடையில் முதல் வண்டியில் ஏற முடியாது. இரண்டாவதில் ஏறலாம், அல்லது ஏற்றப்படலாம். கல்யாணிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நிரம்பி வரும் வண்டி அது. குர்லாவில் இறங்க வேண்டுமானால் காட்கோபர் தாண்டும் முன்பே வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து தாதர்தான். அப்படி இரண்டு முறை தாதர் போய்த் திரும்பினான். குர்லா மேற்கில் பி.கே.சி. ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு வரிசை. மழை நாளில் அது மட்டும் நாற்பது நிமிடம். வாசலிலிருந்து இருக்கைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம். திரும்ப அவ்வளவே.

பி.கே.சி.க்கு மெட்ரோ வந்திருக்கிறதே என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் உண்டு. வந்திருக்கிறது, ஆரேயிலிருந்து கஃப் பரேடு போகும் பாதை. மத்திய ரயில் பாதையில் கிழக்கிலிருந்து வருபவனுக்கு அதனால் நேரடிப் பயனில்லை.

டோம்பிவிலிக்காரர்கள் இந்த வண்டியில் முப்பது வருடம் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வித்தை இருக்கிறது. டோம்பிவிலியிலேயே புறப்படும் வண்டிகளின் நேரம் மனப்பாடம். முடியாவிட்டால் எதிர்த்திசை வண்டியில் ஏறி கல்யாண் போய், அதே வண்டி திரும்பும்போது உட்கார்ந்தபடியே வருவார்கள். மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாக விளிம்பில் ஒட்டிக்கொள்ள ஒரு உரிமை முறை. ஒரே பெட்டி, ஒரே வாசல், ஒரே கூட்டாளிகள், பஜனை, சீட்டு, பிறந்தநாள் கேக் வரை உண்டு. அந்தக் கூட்டாளிகளில் ஒருவனாகச் சேர வருடக்கணக்கில் ஆகும். தம்பிக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஜூலையில் முதல் வகுப்பு பாஸ் எடுத்தான். "முதல் வகுப்புல என்ன வித்தியாசம்னா, நெருக்குறவங்க சென்ட் அடிச்சிருக்காங்க" என்றான்.

ஆகஸ்ட் 18 பெரிய மழை. வண்டிகள் ஊர்ந்து, இரவு 11 மணிக்கு வீடு சேர்ந்தான். மறுநாள் 19-ம் தேதி குர்லாவில் மித்தி ஆற்றின் கரையோரத்தில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள், மத்திய பாதையில் தாணேயிலிருந்து கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை பல மணி நேரம் ரயிலே ஓடவில்லை. அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தான். இரண்டு மாதத்தில் மகள் பள்ளிக்குக் கிளம்புவதை அவன் நின்று பார்த்தது அன்றைக்கு மறுநாள்தான். அந்த வாரத்தில்தான் வீடு மாறலாம் என்ற பேச்சு தொடங்கியது.

யாருக்கு எது வீடு

இங்கே ஒரு சிக்கல். டோம்பிவிலி அவனுக்குத்தான் நரகம். தம்பி மனைவிக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

ஜூன் மாதம் ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தவர். காய்கறிக்காரரிடம் விரலை நீட்டி விலை கேட்டார். கீழ் வீட்டு நெல்லைக்கார அம்மா இரண்டு மாதத்தில் அவரை ஆளாக்கிவிட்டார். எந்தக் கடையில் சின்ன வெங்காயம், எந்த நாளில் மீன், சங்கச் செயலாளரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது வரை. ஹிந்திக்கு முன்னால் மராத்தி வந்தது. ஆடிக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று என் மனைவியிடம், "அக்கா, இங்க வந்து முதல் தடவையா மதுரை ஞாபகம் வராம ஒரு நாள் போச்சு" என்றார். வீட்டிலேயே ஆறு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் தொடங்கியிருந்தார். அந்தப் பணத்தைத் தன் கைச்செலவுக்கென்று தனியாக வைத்துக்கொண்டதால் தம்பியின் நோட்டில் அது ஏறவே இல்லை. ரயிலில் தொங்குபவனுக்குத்தான் வீடு தூரம்; நாள் முழுவதும் அங்கேயே இருப்பவருக்கு அது பக்கம்தான். இதை யோசிக்காமல் நானும் அவனும் ஒரு ஞாயிறு மதியம், டோம்பிவிலிக்கும் குர்லாவுக்கும் நடுவில் இருக்கும் பாண்டுப்பில் வீடு பார்த்துவிட்டு வந்து செய்தியாகச் சொன்னபோது, அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முதல் தடவை செய்த தப்பையே திரும்பச் செய்திருந்தோம்: வீடு பார்க்கப் போனது ஆம்பளைங்க இரண்டு பேர், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

அதற்குப் பிறகு அவரே ஒரு வியாழக்கிழமை காலை என் மனைவியோடு போய்ப் பார்த்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டார். அருகில் எத்தனை பள்ளிகள், கணக்கு டீச்சருக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். நாங்கள் பார்த்த வீட்டை நிராகரித்துவிட்டு வேறு ஒன்றைப் பிடித்தார். ஒரு படுக்கையறை, 31,000. நிலையத்துக்கு நடந்து பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து குர்லாவுக்கு மெதுவண்டியில் இருபது நிமிடம். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம்.

கணக்கு இப்படி வந்தது. வாடகை மாதம் 12,000 அதிகம். நாளுக்கு மிச்சமாகும் நேரம் ஒன்றரை மணி. மாதம் 22 நாளுக்கு 33 மணி. ஒரு மணி நேரத்தை சுமார் 364 ரூபாய் கொடுத்து வாங்குகிறான். அவன் அலுவலகம் அவனுடைய ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பது, நாளுக்கு ஒன்பது மணி வேலை என்று வைத்தால், சுமார் 475. இந்தக் கணக்கைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. எனக்கு இதில் ஒரு சின்ன சந்தேகம் உண்டு. மிச்சமாகும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் 475 ரூபாய் தரப்போவதில்லை. ஆனால் அவன் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருக்கிறான், குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்குகிறது. அதை ரூபாயாக மாற்றத் தேவையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

லாக்-இன் டிசம்பர் 14-ல் முடிந்தது. நவம்பரிலேயே ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த ஆண்டு முதல் வகுப்புச் சேர்க்கை இங்கே பல பள்ளிகளில் நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும், முகவரியும் கேட்பார்கள். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் அங்கேதான் கை கொடுத்தது. முதல் வகுப்பில் மராத்தியும் படித்தாக வேண்டும், 2020-ல் வந்த சட்டப்படி இங்கே எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். அம்மாவுக்கே மராத்தி வந்துவிட்டதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. டிசம்பர் 20, சனிக்கிழமை, பாண்டுப் போனார்கள். மதுரை பீரோ அந்த வீட்டில் நிற்க இடமில்லை. கீழ் வீட்டு நெல்லைக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மிச்சம் எவ்வளவு

முதல் வீட்டைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததன் நேரடி விலை: டோம்பிவிலித் தரகு 19,000, ஒப்பந்தம் 4,500, சங்கக் கட்டணம் 3,000, வீட்டுக்காரர் பெயின்ட் என்று டெபாசிட்டில் பிடித்தது 14,000, இரண்டாவது முறை சாமான் ஏற்றியது 11,000. மொத்தம் 51,500. மீதி டெபாசிட் 43,000 இருபத்தைந்து நாள் தாமதமாக வந்தது. புது வீட்டு டெபாசிட்டை முதலில் கட்ட வேண்டியிருந்ததால் நடுவில் நானும் கொஞ்சம் கொடுத்தேன். அது ஒரு விதத்தில் என் பதிலுக்கு நான் கட்டிய அபராதம்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று மாதம் தனியாக பி.ஜி. விடுதியில் இருந்து பார்த்திருக்கலாமே என்று இதைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு கட்டிலுக்கு மாதம் 14,000 என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 42,000, அப்புறம் மதுரைக்கு இரண்டு மூன்று தடவை போய்வரும் செலவு. கிட்டத்தட்ட அதே பணம்தான். பீரோ மிஞ்சியிருக்கும், குழந்தைக்குப் பள்ளி இரண்டு முறை மாறியிருக்காது. ஆனால் டீச்சரம்மாவுக்கு அந்த ஆறு மாத டோம்பிவிலி இல்லாமல், பாண்டுப்பில் போய்த் தனியாகப் பேரம் பேசும் தைரியம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அவரிடம் கேட்டேன். "வந்திருக்காது" என்றார்.

மாதக் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. டோம்பிவிலியில் வாடகை, மளிகை, பள்ளி, ஊருக்கு அனுப்பும் 8,000, எல்லாம் சேர்த்து 63,600 செலவு, 30,350 மிச்சம். மதுரை மிச்சத்தைவிட ஐயாயிரம்தான் அதிகம். பாண்டுப்பில் வாடகை கூடி, பயணச் செலவில் ஆயிரம் குறைந்து, மிச்சம் 19,350. மதுரையைவிடக் குறைவு. மின்சாரம் மாதிரி சின்ன விஷயங்களும் உறுத்துகின்றன. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நூறு யூனிட் இலவசம் போகத்தான் பில் வரும். இங்கே மாதாமாதம் முழுசாக வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வரவு மட்டும் அவன் பக்கம் இருக்கிறது. மதுரையில் இரு பங்கும் சேர்த்து பி.எஃப்.பில் போனது மாதம் 3,600, இப்போது 13,200. வித்தியாசம் 9,600. அதையும் சேர்த்தால் பழைய இடத்தைவிடக் கிட்டத்தட்ட நாலாயிரம் மேலே இருக்கிறான். ஆண்டு முடிவில் வரவேண்டிய 1.2 லட்சம் முழுதாக வருமா என்று யாருக்கும் தெரியாது; அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக எல்லாம் டீச்சரம்மாவின் வேலையில் நிற்கிறது. அவருக்கு 25,000 சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கு ஏழெட்டாயிரம் போனாலும், இந்த இடமாற்றம் கையில் நிற்கும் பணத்திலும் லாபத்துக்குத் திரும்பும். முலுண்டில் ஒரு பள்ளியில் போன வாரம் மாதிரி வகுப்பு எடுத்துவிட்டு வந்தார். பின்னங்கள். பிள்ளைகள் மராத்தியில் கேட்ட சந்தேகத்துக்கு மராத்தியிலேயே பதில் சொன்னாராம். முடிவு இன்னும் வரவில்லை. சங்கிலி மதுரை வங்கியில்தான் இருக்கிறது, ஜூன் மாதம் தவணை. அதற்குள் மீட்டுவிடலாம் என்று தம்பி சொல்கிறான். "முதல்ல ரிசல்ட் வரட்டும்" என்கிறார் அவர்.